உள்ளிருந்து திறக்காத கதவு

நான் சிதம்பரத்தில் மெக்கானிக். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று மச்சான் என்னைக் கூட்டிப்போனான். கேட்டது ஆறு லட்சம். ஓடியது நாலாயிரம் கிலோமீட்டர்தான்.

"புதுசு மாதிரி மாமா, வுட்றக் கூடாது" என்றான்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். மறுபடி திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. நல்ல வெயில். தட்டினேன்.

"எறங்க மனசு வரலியா மாமா?" மச்சான் வெளியே சிரித்தான். எனக்கு மூச்சு முட்டியது.

அந்த அம்மா ஓடிவந்து திறந்தார்.

"உள்ளேருந்து ரெண்டு கதவும் தொறக்காது, கண்ணாடியும் எறங்காது தம்பி. பார்ட்ஸ் கெடைக்கல. அவரு ஒரு சுத்து சுத்திட்டு வாசலுக்கே வந்துருவாரு, நான்தான் தொறந்து வுடுவேன். வேற எங்க போயி எறங்குவாரு?"

மச்சான் முகம் மாறியது. "அப்ப மூணே ஜாஸ்தி மாமா."

"நீங்களே ஒரு வெல சொல்லுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. வெளியே வந்தும் மாட்டிக்கொண்டேன்.

இன்ஜின் நன்றாக இருந்தது. அவர் மறைக்கவும் இல்லை. "அஞ்சு" என்றேன்.

நின்றே வெடித்துப்போயிருந்த டயரையும் ரப்பர் குழாய்களையும் மாற்றி அதிலேயே சிதம்பரம் வந்தோம். வீட்டு வாசலில் ஹாரன் அடித்து, அவன் அக்காவான என் மனைவி வந்து திறக்கும்வரை இருவரும் உள்ளேயே இருந்தோம். அப்போது அந்த அம்மாவின் கணவரை நினைத்துக்கொண்டேன்.

குறைவாக ஓடிய வண்டி என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.