செவலைக்குப் பேச்சு வேண்டும்

எங்கள் அடுத்த வீட்டுப் பிச்சைமுத்து மாமாவிடம் ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பதுதான். குவைத்தில் வெகுகாலம் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து போன் பேச்சு அவர் நாக்கிலேயே தங்கிவிட்டது. ஊருக்கே திரும்பி வந்த பிறகும், எதிரில் நிற்கிற மனைவியிடம் "நல்லாருக்கியா, சாப்டியா, சரி" என்பதோடு முடித்துக்கொள்வார். செவந்தி அக்காவுக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

"குடிக்கிறதில்ல, அடிக்கிறதில்ல, எல்லாம் சரிதான். வாயத் தொறந்து எங்கிட்ட நாலு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சா போயிருவாரு?" என்று என்னிடம் பொருமுவார்.

அப்படியிருக்கையில் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஒரு சிவப்புப் பசு வாங்கி வந்தார்கள். செவலை என்று கூப்பிட்டார்கள். பரம சாது. ஆனால் மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடவில்லை. கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார்கள், தவிட்டைக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மாட்டை விற்ற குணசேகரனுக்கே அக்கா போன் போட்டார்.

"சொல்ல மறந்துட்டேங்க. எங்க வீட்ல ரேடியோ கேட்டுக்கிட்டேதான் பால் பீச்சுவோம். பாட்டு வேணாம், பேச்சா வைங்க" என்றார் அவர்.

நம்பிக்கையில்லாமல்தான் பரணில் கிடந்த ரேடியோவைத் துடைத்து வைத்தார்கள். செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்ததும் செவலை பாலை விட்டது.

அன்றிலிருந்து விடியற்காலைக் கறவைக்குச் செய்தி, சாயங்காலக் கறவைக்கு நாடகம். கீழே வைத்தால் அந்த ரேடியோ கரகரக்கும். கையில் பிடித்தால்தான் தெளிவாகக் கேட்கும். கறப்பது அக்கா, ரேடியோவைப் பிடிக்கிற வேலை மாமாவுக்கு. பகலிலும் அவர் அதை அணைப்பதில்லை. உழவர் பேட்டி, டாக்டர் ஆலோசனை, சிறுகதை என்று எல்லாவற்றையும் கேட்பார். உலக நடப்பு அத்துப்படி. ஆனால் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"முன்னயாச்சும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. இப்ப அதையும் ரேடியோக்காரன் பேசட்டும்னு விட்டுட்டாரு" என்றார் அக்கா.

போன வாரம் ஒரு சாயங்காலம், ஈயை விரட்டத் தலையை வீசிய செவலை, மாமா கையிலிருந்த ரேடியோவைக் கழனித் தண்ணீர்த் தொட்டிக்குள் தட்டிவிட்டது. நான் பால் வாங்கச் செம்போடு நின்றிருந்தேன். செல்போனில் செய்தி வைத்தார்கள். நடுவில் விளம்பரப் பாட்டு வந்ததும் மாடு காலை உதறியது.

"மடி கட்டிக்கிட்டா காய்ச்சல் வந்துரும்ங்க. நீங்களே பேசுங்க" என்றார் அக்கா.

மாமா திருதிருவென்று முழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "செய்திகள் வாசிப்பது பிச்சைமுத்து" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆலங்குடி ரோட்டில் வைக்கோல் லாரி சாய்ந்தது, அடைக்கலம் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் வந்தது, மழைக்கு வாய்ப்பில்லை. செவலை காதைத் திருப்பியது. பால் சர்சர்ரென்று இறங்கியது. செய்தி தீர்ந்ததும் பாலும் நின்றது.

"நாடகம் சொல்லுங்க" என்றார் அக்கா.

"எனக்கென்ன நாடகம் தெரியும்?"

"தெரிஞ்சதச் சொல்லுங்க. பாதி மடி அப்படியே இருக்கு."

மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாமா, அதன் முதுகில் கையை வைத்தார்.

"கேட்டுக்க செவலை. குவைத்துல வெள்ளிக்கெழமைதான் பூத்துலருந்து வீட்டுக்கு போன் பண்ணுவேன். பின்னால ஒரு கூட்டமே காத்துக்கிட்டு நிக்கும். இவ கடகடன்னு பேசுவா. நான் சரி, சரிம்பேன். அதுக்கு மேல பேசுனா அழுதுருவேன்னு பயம். அப்புறம் ரூமுக்கு வந்து படுத்துக்கிட்டு, இவ சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுவேன். கருவாட்டுக் கொழம்பு வச்சேன்னு சொல்லிருப்பா. எனக்கு ரெண்டு கரண்டி எடுத்து வையி புள்ளைன்னு சொல்லுவேன். வாய்விட்டுத்தான் சொல்லுவேன். கூட இருந்தவனுக எனக்குப் பித்துப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டானுக."

செவந்தி அக்கா நிமிரவில்லை. நெற்றியைச் செவலையின் வயிற்றோடு ஒட்ட வைத்திருந்தார். மாமா பேசிக்கொண்டே போனார்.

பால் விழும் சத்தம் நின்று நேரமாகியிருந்தது. மடி சுருங்கித் தொங்கியது. வற்றிய காம்புகளில் அக்காவின் விரல்கள் மட்டும் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னும் வருதா?" என்று கேட்டார் மாமா.

"வருதுங்க" என்றார் அக்கா. "நீங்க சொல்லுங்க."