இடுக்கில்லாத கதவு

வல்லிநாயகத்துக்குக் கோணல் என்றாலே ஆகாது. சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரங்களை நகல் எடுத்து எழுதுகிற உத்தியோகம். இருபத்தைந்து வருஷம் எழுதியும் ஒரு வரி மேலே ஏறியது, கீழே இறங்கியது என்று எந்த அதிகாரியும் வாயைத் திறந்ததில்லை. சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவார். இப்படிப்பட்ட ஆளுக்கு வாழ்க்கைப்படுவது லேசுப்பட்ட காரியமா? கோமதியம்மாள் இருபத்திமூன்று வருஷம் வாழ்ந்தாள். முணுமுணுக்காமல் வாழ்ந்தாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே முணுமுணுத்தாள். ஆனாலும் ஒரே மகள் சொக்கம்மாளைச் சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, அவருக்கு அவள், அவளுக்கு அவர் என்று ஆகிப்போனது.

அவர்கள் திருவேங்கடத்துக்காரர்கள். கரிசல் காடு, பருத்தி, புழுதி; மழை என்பது ஐப்பசியில் வந்தால் உண்டு. ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில் தென்காசிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் பொறாமை. “குத்தாலத்துக்குப் பக்கத்துலயா போறிய? குடுத்துவச்ச ஆளுய்யா நீரு” என்றார்கள். கொடுத்து வைத்த லட்சணம் பத்தே நாளில் தெரிந்துவிட்டது. கோமதியம்மாளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. திருவேங்கடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தென்காசியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் உலகமெல்லாம் எந்தக் காற்றுக்காக ரயிலேறி வருகிறதோ, அந்தக் காற்று அவளுக்கு எமனாக இருந்தது.

வாடகைக்குப் பிடித்த வீடு ஊரின் மேற்கு ஓரம். மலையிலிருந்து புறப்படுகிற சாரல் காற்று முதலில் மோதுவதே அந்த வீட்டின் மேல்தான். உள்ளறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பென்சில் போய்வருகிற இடைவெளி. ஜன்னலும் அதே கதை. மூன்று மாதம் அவள் ரெண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே ராப்பொழுதைக் கழித்தாள். படுத்தால் மூச்சு நின்றுபோகும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “ஈரக்காத்து மேல படக்கூடாது. அடுத்த சீசனும் இப்படிப் போச்சுன்னா நான் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டார். வல்லிநாயகம் இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தார். காற்று அதைப் பிடுங்கிப் போட்டது.

வீட்டுக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டதில், அந்தக் கதவுகளைச் செய்த இசக்கி ஆசாரியை அனுப்பிவைத்தார்.

“என்னய்யா கதவு செஞ்சு வச்சிருக்கே? உள்ள ஆடு மாடு போயிரும் போலிருக்கே.”

“இங்கன எல்லா வீட்டுலயும் இப்படித்தான் அண்ணாச்சி விடுவோம்.”

“ஏன் விடுதிய?”

“விடணும்லா” என்றான் ஆசாரி. அவனுக்குக் குற்றாலத்தில் சீசன் பங்களாக்களில் வேலை குவிந்துகிடந்தது, போய்விட்டான்.

வல்லிநாயகத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. திருவேங்கடத்தில் ஆடிக்காற்று அடித்தால் புழுதி வானத்தை மறைக்கும். அங்கே ஒரு கதவைச் சாத்தினால் ஒரு பொட்டு மண் உள்ளே வராது. வந்தால் செய்த ஆசாரிக்கு அடுத்த வேலை கிடைக்காது. இவன்கள் வேலையும் தெரியாமல், தெரியாததையே வழக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்கள் என்று முடிவு கட்டினார். கதவை நானே சரி பண்ணுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

யோசனை சரியான யோசனைதான். நிலையைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய சட்டம் அடித்துவிட்டால் இடுக்கு அடைபட்டுப்போகும். ஆனால் மூலையில்தான் சூட்சுமம். ரெண்டு சட்டத்தை நேராக வெட்டி முட்டவைத்தால் அங்கே கீறல் விழும், அந்தக் கீறலில் காற்று ஊசியாக வரும். சட்டத்தின் நுனியைச் சரிவாக, மூலையின் கோணத்தில் சரிபாதியாக அறுத்துச் சேர்த்தால் இடுக்கே இருக்காது. அதற்கு ஏற்ற ரம்பம் வேண்டும்.

ஐம்பத்தாறு மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மசூது பாயின் இரும்புக்கடைக்குப் போனார். கடையநல்லூர்க்காரர் மசூது, சிரித்துக்கொண்டே விற்கிறவர். அவர் முதலில் எடுத்துப் போட்டது பலகை அறுக்கிற அகலமான ஆசாரி வாள். வல்லிநாயகம் அதைத் தொடக்கூட இல்லை. அப்புறம் முதுகில் இரும்புப் பட்டை போட்ட குட்டை ரம்பம் ஒன்று வந்தது. கூடவே மரத்தொட்டி போல ஒரு சாதனம். தொட்டியின் ரெண்டு பக்கத்திலும் சரிவாக வெட்டு விட்டிருக்கும். சட்டத்தை உள்ளே வைத்து அந்த வெட்டில் ரம்பத்தை ஓட்டினால் கோணம் தப்பாது. வல்லிநாயகம் சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, ரம்பத்தின் மேல் வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று நகத்தால் எண்ண ஆரம்பித்தார்.

“பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பல்லை எண்ணுதிய!” என்று மசூது சிரித்தார்.

“பத்துப் பல்லுதான் இருக்கு பாய். முரட்டுப் பல்லு. இதைவிடப் பொடிசா இல்லையா?”

மசூது அரை மனதாக உள்ளே போய், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். முதுகில் பித்தளைப் பட்டை. பல் இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்கவேண்டும். “இது படச்சட்டம் செய்யுதவங்க வாங்குறது அண்ணாச்சி. கதவு வேலைக்கு என்னத்துக்கு?”

வல்லிநாயகம் கடையில் கிடந்த ரீப்பர் மரத்துண்டை ரெண்டு ரம்பத்தாலும் அறுத்தார். கடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முரட்டு ரம்பத்தில் அறுத்த துண்டுகளைச் சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. பித்தளை ரம்பத்தில் அறுத்ததில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“அண்ணாச்சி, நான் சொல்லுததைக் கேளுங்க. இந்த ஊருக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியுததுதான் நல்லது. நெருக்கி அடிக்காதிய” என்றார் மசூது.

விற்காமல் கிடக்கிற முரட்டு ரம்பத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார் வல்லிநாயகம். பித்தளை ரம்பத்தை வாங்கிக்கொண்டு, காரணம் என்னவென்று கேட்காமலே படியிறங்கினார். கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை, பாவி மனுசனுக்கு.

பங்குனியும் சித்திரையும் ஞாயிறு தவறாமல் வேலை நடந்தது. சட்டத்தின் ஒரு நுனியைக் கோமதியம்மாள் பிடித்துக்கொள்வாள், மறுநுனியில் அவர் அறுப்பார். கோடையில் அவளுக்கு மூச்சு சுகமாக இருந்தது. “பத்திரம் எழுதுத கையா இது! இந்தத் தொழிலுக்கே போயிருந்தா இந்நேரம் சொந்த வீடு கட்டியிருப்பிய” என்று கேலி பேசினாள். இருபத்திமூன்று வருஷத்தில் அந்த ரெண்டு மாதம் போல அவர்கள் சிரித்ததில்லை. கதவின் நாலு ஓரத்திலும் மூலைகள் வார்த்து வைத்ததுபோல் சேர்ந்துகொண்டன. ஜன்னலையும் அப்படியே அடைத்தார். சித்திரைக் கடைசியில், நட்டநடு மத்தியானத்தில், அவளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திப் பார்த்தார்.

“வெளிச்சம் வருதாட்டி?”

“ஒரு பொட்டுக்கூட வரலை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு.”

வைகாசியில் அந்தப் பக்கமாகப் போன இசக்கி ஆசாரி எட்டிப் பார்த்தான். மூலைகளை விரலால் தடவினான். “நல்லாச் சேர்ந்திருக்கு” என்று ஒப்புக்கொண்டான். தொழிலாளி பொய் சொல்லமாட்டான். அப்புறம் கதவைச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, “ஓரத்துல ஒரு ரெண்டு நூல் அளவுக்கு மரத்தை இழைச்சு விட்டுரட்டுமா அண்ணாச்சி? காசு ஒண்ணும் வேண்டாம்” என்றான்.

வல்லிநாயகத்துக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “நீ விட்ட இடுக்குலதான் என் பொண்டாட்டி மூணு மாசம் செத்துப் பிழைச்சா. இனி இந்தக் கதவுல கை வச்சே, நடக்கிறதே வேற!”

ஆசாரி உளிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மரம் சாரலைக் குடித்தால் ஊதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். வாசலில் நிற்கவைத்து விரட்டினால் எவன் நின்று பாடம் சொல்லுவான்?

ஆனி பிறந்தது, சாரல் இறங்கியது. முதல் வாரம் அந்த அறைக்குள் காற்றே இல்லை. கோமதியம்மாள் படுத்துத் தூங்கினாள். வல்லிநாயகம் ஆபீசில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கதவுக் கதையைச் சொன்னார். ரெண்டாவது வாரம் கதவு கொஞ்சம் பிடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் திறக்கவேண்டி வந்தது. கரிசல் காட்டில் மரம் காய்ந்து சுருங்கித்தான் அவர் பார்த்திருக்கிறார், ஊதிப் பார்த்ததில்லை. “பாத்தியா, நல்லா இறுகி உக்காந்துட்டு” என்று பெருமையடித்துக்கொண்டார்.

அன்று புதன்கிழமை. காலையிலேயே மழை கனத்துவிட்டது. கோமதியம்மாளுக்கு லேசாக இழுத்தது. “நீ எந்திரிக்காதே, வெளிய வராதே. காத்து படாமக் கிட” என்று சொல்லி, வெந்நீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கதவு நிலையில் உட்கார மறுத்தது. வளையத்தை ரெண்டு கையாலும் பிடித்து, நிலையில் ஒரு காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தார். முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் குருவம்மாளுக்குச் செம்பால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மழைச் சத்தத்தில் முதலில் விளங்கவில்லை. ஓடிவந்து தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. “கோமதியக்கா, தாழ்ப்பாளை எடுங்க, தாழ்ப்பாளை எடுங்க!” என்று கத்தினாள். உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே! குருவம்மாள் தெருவில் இறங்கி அலறி, யாரோ ஆபீசுக்கு ஓடி, வல்லிநாயகம் குடையைப் போட்டுவிட்டு நனைந்தபடி வந்து சேர்ந்தபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

நாலு பேர் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடப்பாரையை வாங்கி அவரே பலகையில் இடித்தார். ஒரு பலகை பிளந்தது. அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தடவினார்.

தாழ்ப்பாள் போடவில்லை.

“உள்ள தாழ்ப்பாளைப் போட்டுட்டாளா அண்ணாச்சி?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குருவம்மாள் அழுதுகொண்டே கேட்டாள்.

ஒரு நொடிதான். “ஆமா, போட்டிருக்கா” என்றார்.

கதவைப் பெயர்த்து எடுத்தபோது கோமதியம்மாள் அறையின் நிலைப்படியில் சாய்ந்து கிடந்தாள். பத்து விரலிலும் நகக்கண் கிழிந்து ரத்தம். அவர் சேர்த்து வைத்த மூலையைப் பிறாண்டியிருக்கிறாள். பிடிக்க அங்கே இடுக்கு இல்லை. வல்லிநாயகம் அவளை மடியில் போட்டுக்கொண்டு தலையில் அடித்து அழுதார். அழுகை நிஜம். சொன்ன பொய்யும் அதே வாயில்தான் இருந்தது.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த மகள் தாயின் மேல் விழுந்து, “ஏம்மா தாழ்ப்பாளைப் போட்டே? உனக்குப் புத்தி எங்க போச்சு?” என்று கதறினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். சீக்காளி இப்படித் தாழ்ப்பாள் போடலாமா? புருஷன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாரே, கொஞ்சம் யோசிக்கவேண்டாமா? இசக்கி ஆசாரியும் வந்திருந்தான். சுவரில் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தான், வல்லிநாயகத்தை ஒரு தடவை பார்த்தான். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஆபீசுக்குப் போனார், பென்ஷன் வாங்கினார், மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மகளும் மருமகனும் குறை வைக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஆனியில் தெவசம் வருமே! அன்றைக்கெல்லாம் சொக்கம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டு செத்தவளைத் திட்டுவாள். பிள்ளைகள் விளையாட்டாகக் கதவைத் தாழிட்டால், “உங்க ஆச்சி மாதிரி அறிவுகெட்டுப் போய்ச் சாகணுமா?” என்று முதுகில் ஒன்று வைப்பாள். அந்த அடி ஒவ்வொன்றும் வல்லிநாயகத்தின் மேல்தான் விழுந்தது. உயிரைத்தான் எடுத்தாயிற்று, பேரையாவது திருப்பிக் கொடுக்கவேண்டாமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அறுபத்துநாலாம் வருஷத் தெவசத்தில், இலையில் சோறு விழுந்தபிறகு, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த பந்தியில் சொன்னார்.

“சொக்கு, உங்கம்மை தாழ்ப்பாள் போடலை. நான்தான் காலைக் கொடுத்து இழுத்துச் சாத்துனேன். நான் அடிச்ச சட்டத்துல கதவு ஊதி இறுகிட்டு. கையை விட்டுத் தடவிப் பாத்தேன், தாழ்ப்பாள் போடலை. பொய் சொல்லிட்டேன்.”

சொக்கம்மாள் கரண்டியோடு அவரையே பார்த்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

“எட்டு வருஷம் ஆயும் எங்கம்மையை விட்டுக்குடுக்க மாட்டேங்கியளே அப்பா! நான் அவளைத் திட்டுதேன்னுதானே இப்படிச் சொல்லுதிய?”

“இல்லட்டி, சத்தியமா...”

“போதும், சாப்பிடுங்க. அவ செஞ்ச தப்பை உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிடாதிய.”

பக்கத்து இலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வல்லிநாயகம் அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார்; கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் நம்பவில்லை. அப்பேர்ப்பட்ட புருஷனைப் புலம்பவிட்டுப் போனாளே பாவி என்று கோமதியம்மாளைத்தான் முன்னைவிட அதிகமாகத் திட்டினார்கள்.