வெயில் இருந்தும் நின்ற மிசின்

அச்சு மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அந்த இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கும். உருளைகளுக்கு நடுவே பாதித் தாள் மாட்டிக்கொள்ளும். திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் நான் எலக்ட்ரீசியனாக இருந்த காலத்தில் ஒரு நாளில் நான்கைந்து முறை அதைக் கேட்பேன். ஆனால் இன்னும் காதில் இருப்பது, மாடியில் சோலார் பேனல் மாட்டிய முதல் நாள் கேட்டதுதான். இனி மிசின் நிற்கவே நிற்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தவன் நான்.

மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. முதலாளியம்மா, கணவர் இறந்த பிறகு அச்சகத்தைத் தானே எடுத்து நடத்தியவர். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிளும் காலண்டரும் அங்கே அச்சாகும். சீசனில் கரண்ட் போனால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வேலையாட்களோடு தானும் லேபிள் அடுக்குவார். டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது, ஆனால் அதன் புகை அவருக்கு ஆகாது. நம்ம ஊரில் வெயிலுக்கா குறைச்சல், அதை வைத்தே ஓட்டலாம் என்று சொன்னேன். வேறு யாரிடமும் அவர் விசாரிக்கவில்லை. என் பேச்சை நம்பித்தான் பேனல் போட்டார்.

அன்று சூடம் காட்டி, எல்லோருக்கும் கேசரி கொடுத்து மிசினை ஓட்டினோம். சாயங்காலத்துக்குள் அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனிக்கு லேபிள் லோடு போக வேண்டும். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. மிசினும் நின்றது. வெளியே கண் கூசும் வெயில். கேசரியைக் கையில் வைத்திருந்தவர்கள் சாப்பிடாமல் என்னையே பார்த்தார்கள். பேனல் மாட்டிய ஆளுக்குப் போன் போட்டேன். லைனில் கரண்ட் இருந்தால்தான் இதுவும் ஓடும் என்று அவன் சாவகாசமாகச் சொன்னான். அதுவரை எனக்கு அது தெரியாது. தெரியாமலே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் மாடிக்கு ஏறினார். பின்னாலேயே நானும் போனேன்.

"இம்புட்டு வெயில் அடிக்குல்ல? பெறகு என்னத்துக்குப்பா நிக்குது?"

"லைன்ல கரண்ட் இல்லைன்னு நெனச்சு ஈ.பி. ஆளுக கம்பத்துல ஏறியிருப்பாக. அந்நேரம் நம்ம கரண்ட் வெளிய போனா அவுகளை அடிச்சிரும்மா. அதான் தானா நின்னுக்கிடுதாம். நீங்க என்னைய நம்பிப் போட்டீக. நான் தெரியாம சொல்லிப்புட்டேன்."

அவர் தெருவோரத்துக் கம்பங்களைப் பார்த்தபடி நின்றார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அவசரப்பட்டு அவசரப்பட்டு இந்தப் பக்கத்துல பட்டாசு வெடிச்சு எம்புட்டுப் பேரைப் பறிகுடுத்தாச்சு," என்றார். "ஒருத்தன் உசுருக்காக நிக்குதுன்னா நிக்கட்டும். நீ போயி ஜெனரேட்டரைப் போடு. லோடு போகணும்ல."

லோடு ஆறு மணிக்குப் போனது. வேலையாட்களுக்கு அவரே காரணத்தை விளக்கினார். என் பெயரை இழுக்கவில்லை.

பிறகு நான் நாலு இடத்தில் விசாரித்து, ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் கூடச் சேர்ந்து சுமை தாங்குகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். டீசலும் புகையும் நன்றாகவே குறைந்தன. போகப்போக மின்வெட்டும் குறைந்தது. கரிசல் காட்டில் வரிசை வரிசையாகப் பேனல்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அச்சகம் லீவு. அன்றைக்கு எங்கள் மாடியில் விளைகிற கரண்ட் எல்லாம் வெளியே லைனுக்குப் போகும். முதலாளியம்மா மீட்டர் முன்னால் நின்று, "இன்னைக்கு நம்ம கரண்ட்ல எந்த வீட்டு மிக்ஸி ஓடுதோ" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என் மனதில் இருந்த உறுத்தல் போனது.

இப்போது நான் தனியாகச் சோலார் மாட்டும் வேலை செய்கிறேன். யார் கேட்டு வந்தாலும், அது எப்போது ஓடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். முதலாளியம்மா அச்சகத்தை மகளிடம் விட்டுவிட்டு விருதுநகரில் இருக்கிறார். போன பங்குனியில் போன் செய்தார்.

"ஊருக்கெல்லாம் மாட்டுதியே, ஒன் வீட்டுல போட்டியா?"

"இப்பதாம்மா ஓட்டைப் பிரிச்சு காங்கிரீட் போட்டேன். பேனலும் மாட்டியாச்சு."

அடுத்த ஞாயிறே பஸ் ஏறி வந்துவிட்டார். மாடிக்குப் போய்ப் பார்த்தார், சாப்பிட்டார், என் மனைவி ஃபேனைப் போட்டதும் "காத்து நல்லா வருது தாயி" என்றார். கூடத்துத் தரையிலேயே துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தவர், ரெண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். அவர் எழுந்து முகம் கழுவுகிற வரைக்கும் கரண்ட் போகவில்லை.