தலையணைக்குச் செய்த முதலுதவி

ஆம்புலன்ஸ் பணியாளர் பயிற்சி மையத்தில் அப்பா எடுத்த பாடத்துக்குக் கால அட்டவணையில் ‘குழுப்பணி’ என்று பெயர். மாணவர்கள் ‘சாவு வகுப்பு’ என்றார்கள். அப்பா தரையில் விழுவார். நான்கு பேர் சேர்ந்து அவரைக் காப்பாற்ற வேண்டும்.

பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். முழங்கால் போன பிறகு ஆசிரியரானார். ஊசி, மருந்து எல்லாம் மற்றவர்கள் பாடம். யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், அது மட்டும் இவர் பாடம். பயிற்சிப் பொம்மையைத் தொடமாட்டார். உயிருள்ள மார்பை அழுத்தக் கூடாது என்பதால் பக்கத்தில் ஒரு தலையணை கிடக்கும். அழுத்துவதெல்லாம் அதில்தான்.

மாலையில் அம்மா கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்.

“இன்னிக்கு எத்தனை தடவை செத்தீங்க?”

“மூணு. ஒரு தடவை பொழைக்க வெச்சிட்டாங்க.”

“அவங்கள யாரு கேட்டா?”

வகுப்பில் ஒரு சொல்லை ஒதுக்கி வைத்திருந்தார்: நிஜம். நடிப்புக்கு நடுவில் உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டால் அதைச் சொல்ல வேண்டும். யார் சொன்னாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நோயாளியைப் பார்க்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அப்பா வகுப்பில் விழுந்தார். மாரடைப்பு.

வகுப்புகளைப் படம் பிடித்து மறுநாள் போட்டுக் காட்டுவது அவர் வழக்கம். அந்தப் பதிவை மையம் எனக்கு அனுப்பியது. கூடவே ஒரு படிவம். குடும்பத்தார் விசாரணை கேட்டால் அந்த நான்கு பேரின் தேர்ச்சி நிறுத்தி வைக்கப்படும்.

நான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளர். எங்கே கோளாறு என்று பதிவுகளில் தேடுவது என் தொழில். உட்கார்ந்து பார்த்தேன்.

பதினைந்தாவது நொடியில் குழுத் தலைவன் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறான். ஒழுங்காகவே பிரிக்கிறான். குரல் பெரிதாக இருப்பதால் அப்பா ‘மைக்’ என்று கூப்பிட்ட பெண் கழுத்தில் விரல் வைக்கிறாள்.

“அண்ணே, நாடி இல்ல.”

“நாடி இல்ல. சரி, அழுத்த ஆரம்பி.”

தலையணையில் அழுத்துகிறார்கள். வேகம் சரி. எண்ணிக்கை சரி. அவள் மறுபடி கழுத்தைத் தொடுகிறாள்.

“அண்ணே, நிஜமாவே இல்ல.”

“அய்யாவை விட நீ நல்லா நடிக்கிற.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் கொஞ்சம் சிரிக்கிறாள். மூன்று நிமிடம் நாற்பது நொடியில் கத்துகிறாள். அப்போதுதான் தலையணையைத் தள்ளிவிட்டு அப்பாவின் மார்பில் கை வைக்கிறார்கள். இந்தத் தடவை அவர் பிழைக்கவில்லை.

நேற்று அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ரெண்டு தடவை சொன்னேன்க்கா.”

“பார்த்தேன்.”

“இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்.”

“உன் சத்தத்துல குறை இல்ல.”

“நான் படிப்ப விட்டுடறேன்க்கா.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

இன்று காலை படிவத்தை நிரப்பினேன். ‘விசாரணை வேண்டாம்’ என்று குறித்தேன். காரணம் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. எச்சரிக்கைக்கு வைக்கும் சொல் வேறு எதற்கும் பயன்படாத சொல்லாக இருக்க வேண்டும், ‘நிஜமாவே’ என்று எல்லோரும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறார்கள், சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியர், பிழை அவருடையது, மாணவர்கள் கற்பித்தபடியே செய்தார்கள் என்று எழுதினேன். ஒரு நகலை அந்தப் பெண்ணுக்கும் அனுப்ப எடுத்து வைத்தேன்.

அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“பழிய அவர் மேலயா போடற?”

“ஆமாம்மா.”

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“எங்க போடணும், காட்டு.”