இரண்டு கூம்புகளுக்கு இடையே

எங்கள் பிசியோதெரபி அறையின் அலமாரிக்கு மேல் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள் இருக்கின்றன. சாலை வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அதே வகை, அளவில் சிறியவை. ஒன்றின் அடிப்பாகம் ஓரத்தில் உடைந்திருக்கிறது. வியாழக்கிழமைகளில் அவற்றை எடுத்துத் துடைத்து, ஒன்றை நடைபாதையின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைப்பேன். இடையே முப்பது மீட்டர். வயதானவர்களை ஆறு நிமிடம் அங்கும் இங்குமாக நடக்கவைத்து, எவ்வளவு தூரம் போனார்கள், நாடித்துடிப்பு எவ்வளவு ஏறியது, ஆக்சிஜன் குறைந்ததா என்று பார்ப்போம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதை அதை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். புதுக்கோட்டையில் எங்களுடையது சின்ன மருத்துவமனை. டிரெட்மில் கிடையாது. இந்தக் கூம்புகள்தான். அவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கீரமங்கலத்துப் பூந்தோட்டத்து அம்மா நினைவுக்கு வந்துவிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மருமகளோடு வந்தார். எழுபதை ஒட்டிய வயது. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கணவர் போன பிறகு முல்லைத் தோட்டத்தையும் பக்கத்தில் இருந்த கனகாம்பரத்தையும் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் கடுமையான காய்ச்சல் வந்து போன பின், பூக்கூடையோடு ரோட்டுக்கு ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. துபாயில் இருந்த மகனுக்குச் செய்தி போயிற்று. தை பிறந்ததும் தோட்டம் முழுவதையும் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்து, ஆளும் பேசிவிட்டார். ஈசிஜியும் எக்கோவும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் டாக்டருக்குத் திருப்தி இல்லை. நடைப் பரிசோதனையில் தேறினால் தோட்டவேலையைத் தொடரலாம். தேறாவிட்டால் திருச்சிக்குப் போய் மேல் பரிசோதனைகள் செய்ய வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும் என்றார். அம்மா என்னிடம் வரும்போது இதெல்லாம் தெரிந்துதான் வந்தார். "தோட்டத்த விட்டுட்டு வூட்டுல உக்காந்து நான் என்னத்தப் பாக்குறது தம்பி, செவுத்தையா?" என்று கேட்டார்.

நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்: ஆறு நிமிடத்தில் உங்களால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். தலையை ஆட்டினார். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சோதிப்பவர் முன்னாலோ பக்கத்திலோ நடக்கக் கூடாது. நடந்தால் நம் வேகம் அவர்களைத் தொற்றிக்கொள்ளும். சற்றுப் பின்னால்தான் போக வேண்டும். வெளிநோயாளிகள் உட்காரும் வராந்தாவில் அப்படித்தான் போனேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அடிமேல் அடி வைத்து நடந்தார். ஆறு நிமிடம் முடிந்தபோது அவர் கடந்திருந்த தூரம், தடியூன்றி வருபவர்கள் கடக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மருமகளின் முகம் வாடிவிட்டது. "துபாய்ல அவர்ட்ட நான் என்னன்னு சொல்றது சார்?" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. நடப்பதற்கு முன் இருந்த நாடித்துடிப்புக்கும் நடந்த பின் இருந்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மூச்சும் சீராக இருந்தது. உடம்பு முடியாமல் மெதுவாக நடப்பவருக்குக் கொஞ்ச தூரத்திலேயே துடிப்பு ஏறிவிடும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை. மருந்துச் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அப்படியானால் இந்த அம்மா நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

"ஏம்மா, தோட்டத்துலயும் இப்படித்தான் நடப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இப்புடி நடந்தா பூவெல்லாம் செடியிலயே விரிஞ்சு போகும்."

"அப்ப இங்க ஏன் இவ்வளவு மெதுவா?"

அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, பெஞ்சு பூரா மனுசங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவுங்க மொகத்துக்கு முன்னால நான் கைய வீசிக்கிட்டு வெரசா போனா நல்லாவா இருக்கு? பசிச்சவன் முன்னால எலை போட்டுத் தின்ன கதையால்ல இருக்கும்."

பதினெட்டு வருடங்களாக அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவே ஆட்களை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். தரை சமமாக இருக்கிறதா, ஈரம் இல்லையா, காற்று வருகிறதா என்றெல்லாம் பார்ப்பேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என் கணக்கில் வந்ததில்லை.

ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு மருத்துவமனையின் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டியில் இருந்து ஆம்புலன்ஸ் கொட்டகை வரை சிமெண்டுப் பாதை, வேப்பமர நிழல். துவைத்த படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. டேப் பிடித்து அளந்து, கூம்புகளை வைத்தேன். அவசரத்தில் ஒன்றைக் கீழே போட்டதில்தான் அதன் ஓரம் உடைந்தது.

அம்மா வந்து பார்த்தார். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கண்டது வேறு ஒருவரை. பாத்தி முனையில் திரும்புவதுபோலக் கூம்பைச் சுற்றி ஒரே வீச்சில் திரும்பினார். விரிப்புகள் காற்றில் விலக விலக அவர் போய்க்கொண்டே இருந்தார். நான்காவது நிமிடம் முடிந்ததும், விதிப்படி சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னேன்: "நல்லா நடக்கிறீங்க, இன்னும் ரெண்டு நிமிசம்தான்."

"நீங்க பேசாம வாங்க தம்பி. ஒங்களுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார் திரும்பாமலே.

இந்த முறை நாடித்துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறியது. உட்கார்ந்ததும் இறங்க வேண்டிய வேகத்தில் இறங்கியது. ஆக்சிஜன் குறையவில்லை. தூரம் அவர் வயதுக்கு நிறைவான தூரம். டாக்டர் இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காய்ச்சலுக்குப் பின் ரத்தம் குறைந்திருக்கிறது, அதற்கு மாத்திரை. திருச்சி இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து நடந்து காட்ட வேண்டும் என்றார்.

மகன் போனில் என்னைத்தான் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க சார். அம்மா ஒங்ககிட்டக் கெஞ்சினாங்களா?" நான் இரண்டு முறையும் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பெஞ்சுல ஆளு இருந்துச்சுன்னுதானா மெதுவா நடந்தாங்க? அவங்க அப்புடித்தான் சார்" என்றார். கனகாம்பரத்தைக் குத்தகைக்கு விடுவது, முல்லை அம்மாவிடமே இருப்பது, கூடையை மருமகள் தூக்குவது என்று பேசி முடித்தார்கள். மூன்றாவதை அம்மா எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார் என்பது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எல்லோரையும் பின்பக்கம்தான் நடக்கவைக்கிறேன். மழை நாளில் மட்டும் வராந்தா. வேறு சிலருக்கும் தூரம் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

போன வியாழக்கிழமை அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வெளிநோயாளிகள் யாரும் வந்திருக்கவில்லை. நான் கூம்புகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கிளம்பியதும் தடுத்தார். "இங்கயே நடக்கிறேன் தம்பி. பெஞ்சுலதான் யாரும் இல்லையே." வராந்தாவிலேயே வைத்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு புறப்பட்டார். பழைய வேகத்துக்கு ஒரு மாற்றுக் குறைவுதான், கால் தடுமாறவில்லை.

மூன்றாவது நிமிடம் இருக்கும். ஒரு பெரியவர் மகனின் தோளைப் பிடித்தபடி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, வாயால் மூச்சு விட்டார். அம்மாவின் கால்கள் தாமாகவே அடங்கின. முந்தானை இடுப்பிலிருந்து தோளுக்குப் போயிற்று.

நான் கடிகாரத்தை நிறுத்தினேன். உடைந்த கூம்பை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதை அவர் எடுத்துக்கொண்டார். "டாக்டர் இப்ப வந்துருவாரு, நல்லாப் பாப்பாரு" என்று அந்தப் பெரியவரிடம் சொன்னார். இருவரும் பெஞ்சுகளைக் கடந்து மெதுவாக நடந்தோம். பின்வாசலைத் தாண்டியதும் அவர் முந்தானையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.