கமலவேணி அம்மையாரின் பழுப்பு ஆல்பம்

செவ்வாய்க்கிழமை காலை பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து கிரிஜம்மா போன் செய்தார். "கமலாம்மா ஹோக்பிட்ரு," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லையோ என்று, "போய்ட்டாங்கம்மா, தூக்கத்துலயே," என்று தமிழிலும் சொன்னார். இரண்டு மொழியிலும் என்னால் நம்ப முடியவில்லை. முந்தின சனிக்கிழமைதான் மேடம் பிரிண்டருக்கு மை வாங்கி வரச்சொல்லி என்னை விரட்டியிருந்தார்.

கமலவேணி அம்மையாரும் நானும் ஒரே அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் தட்டச்சு செய்தவர்கள். எங்களுக்கெல்லாம் அவர் கமலா மேடம். அவர் ஒருமுறை முடியாது என்றால் மேனேஜரும் மறுபடி கேட்கமாட்டார்.

தொண்ணூற்றொன்றில், காவிரித் தண்ணீரின் பேரால் நடந்த கலவரத்தில், அவர் குடியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிரிஜம்மாதான் அவரையும் மகன் சேகரையும் தம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். பீரோவும் கட்டிலும் போனதற்கு மேடம் அழவில்லை. ஆல்பத்துக்கு அழுதார். கணவரோடு ஆண்டுக்கு ஒரு ஊராகப் போய் எடுத்த படங்கள் அதில் இருந்தன. கணவர் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள். ஓசூர் உறவினர்கள் வந்து கூப்பிட்டார்கள்.

"நான் எதுக்கு வரணும்? இது என் ஊரு. ரேஷன் கார்டு எரிஞ்சா வேற வாங்கிக்கிறேன். எரிச்சது காகிதத்தைத்தானே? நான் போய்ட்டு வந்ததை எவன் எரிக்க முடியும்?"

அப்புறம் ஆரம்பித்தார். லீவு கிடைத்தபோதெல்லாம் மைசூர், பேலூர், கன்னியாகுமரி என்று அதே ஊர்களுக்குப் போய், அதே இடத்தில் நின்று, யாரையாவது படமெடுக்கச் சொல்லுவார். வீட்டுக்கு வந்து அவற்றைப் பழசாக்குவார். முதலில் டீத் தண்ணீரில் ஊறப்போட்டார். சர்க்கரை போட்ட டீ! கன்னியாகுமரியை எறும்பு தின்றுவிட்டது. அலுவலகமே சிரித்தது, அவரும்தான்.

சேகர் வேலைக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியபின் எறும்புத் தொல்லை தீர்ந்தது. ஞாயிறு முழுக்க அதன்முன் உட்கார்ந்து, நிறத்தை எடுத்துவிட்டுப் பழுப்பேற்றி, ஓரத்தில் வெள்ளைக் கரை வைப்பார். எரிந்துபோன பழைய மைசூர் படத்தின் மூலையைக் கைக்குழந்தைச் சேகர் கடித்திருந்தானாம். அந்தப் பல் தடத்தையும் மவுஸால் செதுக்கினார். எல்லாப் படத்திலும் தம் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருப்பார். அப்பாவின் பழைய அலுவலகத்தில் கிடைத்த அடையாள அட்டையிலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டித் தருவதாகச் சேகர் சொன்னபோது, "வேணாம். அது வேலைக்குப் போற மூஞ்சி. டூருக்கு வராது," என்றார்.

ஒவ்வொரு படத்தின் கீழும் கணவரோடு முதல்முறை போன வருடத்தையே எழுதுவார். அக்கவுண்டன்ட் ஒருநாள், "என்ன மேடம், எழுபத்து நாலுலயே தலை நரைச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா, அப்பவே கவலை ஜாஸ்தி."

சேகருக்கும் இதில் கூச்சம்தான். "எதுக்கும்மா சும்மனே ஊரை ஏமாத்துறே?"

"யாருடா ஏமாத்துறது? போட்டோதான் டூப்பு. போனது நிஜம்."

இதைவிட நேர்மையான பேச்சை நான் கேட்டதில்லை. பொய்ப்படம் என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சேகர் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பதினோரு படங்கள் நிறைந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் "ராமேஸ்வரம், 1979" என்று மட்டும் இருந்தது.

"இது ஒண்ணு காலியாவே நின்னுபோச்சு ஆன்ட்டி."

"நிக்காதுடா," என்றேன்.

அடுத்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கே எடுக்கும் படத்தைப் பழுப்பாக்கி அந்தப் பக்கத்தில் ஒட்டுவேன். டூப்பு என்பவர்கள் என் வீட்டுக்கு வந்து சொல்லட்டும்.

போய் வாருங்கள், மேடம். ராமேஸ்வரத்துக்கு நீங்கள் எப்போதோ போய் வந்துவிட்டீர்கள். நான் போவது படத்துக்காக மட்டும்தான்.