எண்பது வீத வரவு

விரிவுரை மண்டபத்துக்கு எதிரே இருந்த சீமெந்துத் திட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே ஜன்னலோரம் இருந்தேன். திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். மலைநாட்டு றொசல்லையில் ரயிலேறும்போது போட்டிருந்த கம்பளிச் சட்டை இப்போது மடியில் மடித்துக் கிடந்தது. கரையோரத்து வெயில் அவருக்குப் பழக்கமில்லை. கழுத்தைத் துடைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்த வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஓர் அறைதான் எங்கள் காம்பரா; அதில் அப்பாவும் நானும்தான். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது தோட்டமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அரசாங்கம் மாதாமாதம் தரும் பர்சரியை நம்பித்தான் தெற்கே அவ்வளவு தூரம் போனேன். அதற்கு இரண்டு நிபந்தனைகள். வகுப்புகளில் எண்பது வீத வரவு இருக்க வேண்டும். வருஷ முடிவில் எல்லாப் பாடமும் சித்தியடைய வேண்டும். கேட்கும்போது இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் லீவு போடாதவள் நான்.

ஆனால் அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. விளக்கமும் வேடிக்கையும் சிங்களத்தில். கடைக்காரரிடம் சாமான் வாங்கும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். வகுப்பே சிரிக்கும்போது கூடச் சிரிக்கும் அளவுக்கு வராது. விடுதி அறையில் இருந்த மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். வீட்டிலிருந்து கொண்டு வந்ததை எனக்கும் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். இருந்தாலும் அவர்களுடைய பேச்சு என் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சில நாட்களில் தமிழில் ஒரு சொல்லும் பேசாமலே படுத்துவிடுவேன். முதல் வருஷம் புள்ளிவிபரவியலில் சித்தியடையவில்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்புக்குப் போகக் கூச்சமாக இருந்தது. ஒன்றுக்குப் போகாமல் இருந்ததும், மற்றதற்கும் போகாமல் இருப்பது சுலபமாகிவிட்டது. அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: வரவு இப்படியே குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம், மறுபரீட்சையிலும் தவறினால் பர்சரி நிற்கும். சொன்ன அம்மையார் கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கே உடுப்பை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன்.

அப்பா வேலை முடிந்து வந்தபோது நான் வாசற்படியில் இருந்தேன்.

"என்னாம்மா, லீவா?"

"இல்லப்பா. நான் இனி போகல."

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். வந்து ரொட்டி சுட்டார், சம்பல் இடித்தார். சாப்பிடும்போது நிபந்தனைகளைச் சொன்னேன். மற்றதெல்லாம் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வரவு என்றதும் புரிந்துவிட்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றால்தான் அன்றைக்கு வேலை. ஒருநாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம்.

"பேர் போடுற மாதிரிதான?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்பப் போய் நிக்கணும்ல."

மறுநாள் அவர் பெரட்டுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். "வா, நான் கொண்டு வந்து விடுறேன்" என்றார். கொழும்புக்கு ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. அன்றிரவு ஒரு கோயில் மடத்தில் தங்கிக்கொண்டார். காலையில் விடுதி வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றார். மண்டபம் வரை கூடவே நடந்தார். "உள்ள போ. நான் இங்கனதான் இருக்கேன்."

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அவர் பக்கத்தில் என் அறைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாருடைய அப்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்பா கையைக் காலை ஆட்டிச் சிங்களத்தில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கவ்வாத்து மலையில் பாம்பு கண்ட கதையாக இருக்க வேண்டும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருஷமாக எனக்கு வராத காரியம் அவருக்கு ஒரு காலையில் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னேன்.

"இங்க எனக்குப் பேச ஒருத்தரும் இல்லப்பா."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா? நீ போனதிலருந்து அடுப்புகிட்ட ஒக்காந்து நானே பேசிக்கிறேன். பக்கத்துக் காம்பராக்காரங்க சிரிக்கிறாங்க. அதுக்காகப் பெரட்டுக்குப் போகாம இருக்கேனா? போய் நின்னுட்டா அன்னிக்குப் பொழுது எப்பிடியும் நகந்துரும்மா."

அவர் அப்படிப் பேசிக் கேட்டது அந்த ஒருமுறைதான். ரயில் வந்ததும் கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போனேன். புரிந்தாலும் புரியாவிட்டாலும் போய் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தவள் மாலையில் தன் புள்ளிவிபரவியல் கொப்பியுடன் என் கட்டிலுக்கு வரத் தொடங்கினாள். "உங்க அப்பா நல்லாக் கதைக்கிறாரே, நீ ஏன் கதைக்கிறதில்ல?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான் கொப்பியைத் திறந்து முதல் கணக்கைக் காட்டினேன். மறுபரீட்சையில் சித்தியடைந்தேன். பர்சரி நிற்கவில்லை. தனிமையும் போய்விடவில்லை, அதை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

பட்டம் முடித்து, கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். இனி அப்பாவும் நானும் வாய் ஓயாமல் பேசப் போகிறோம் என்று நினைத்தேன். நடந்தது வேறு. தனித்தனியாக இருந்த வருஷங்களில் இரண்டு பேருக்குமே பேச்சு குறைந்து போயிருந்தது. அவர் அடுப்படியில் இருப்பார், நான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்ப்பா." மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்த மௌனம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதற்கும் ஓர் ஆள் எதிரே இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மலையிலிருந்து திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். லயத்து ஆட்கள்தான் எல்லாம் செய்தார்கள். காரியம் முடிந்து எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு, காம்பராவில் நான் மட்டும் இருந்தேன். இன்னும் லீவு மிச்சம் இருந்தது. அதிபரும், "அவசரமில்ல டீச்சர், ஆறுதலா வாங்க" என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் விடியும்போதே குளித்து, தலை வாரி, சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வழக்கமாகச் சத்தமாக வணக்கம் சொல்கிறவர்கள் அன்றைக்கு மெல்லச் சொன்னார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, வரவுப் புத்தகத்தைத் திறந்து முதல் பேரைக் கூப்பிட்டேன்.